காவிரிக் கரையில் ஒரு திருவிழாக் காதல்: புதிதாக எழுத வருகிறவர்களுக்கு

ஆங்கிலத்தில் இதற்கென்று தனிச் சந்தையே நடக்கிறது. நவம்பர் பிறந்தால் போதும். பனி கொட்டுகிற சின்ன ஊர், விளக்குத் தோரணம் கட்டிய கடைத்தெரு, நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவள், ஊரோடு தங்கிவிட்டவன் என்று புத்தகங்கள் வந்து குவியும். முன்பு அவை பெரும்பாலும் கிறிஸ்துமஸ் கதைகள். இப்போது தீபாவளி, ரமலான், யூதர்களின் ஹனுக்கா என்று களம் விரிந்துவிட்டது. வேறு வேறு வீட்டு வழக்கத்தில் வளர்ந்த இருவர் ஒரு பண்டிகைக் காலத்தில் காதலிப்பது ஒரு தனி வகையாகவே நிலைத்துவிட்டது. சுபமாக முடியும் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியும். தெரிந்துதான் வாங்குகிறார்கள்.

தீபாவளி மலரும் மாத நாவலும் படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. ஆனால் தமிழில் எழுத வருகிற புதியவர்கள் பலர் பனிக்குப் பதிலாகக் கரும்புக் கட்டை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால் பக்கம் களம் வைத்து எழுத ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் வேறு மாதிரி தொடங்கலாம்.

முதலில், வாசகர் எதற்கு வருகிறார்?

டெல்டாவில் பண்டிகை என்றால் தட்டு போகும். பக்ரீத்துக்குப் பிரியாணி, தீபாவளிக்கு முறுக்கு, கிறிஸ்துமஸுக்குக் கேக். வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். எல்லாம் சரி, ஆனால் அந்தத் தட்டு பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடும். அந்த வீட்டு அடுப்படியில் யார் யாரை அதட்டுகிறார்கள், பண்டிகைக்கு முதல் நாள் எதற்குச் சண்டை வருகிறது, பாட்டி யாருக்குத் தெரியாமல் யாருக்கு எடுத்து வைக்கிறாள் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்கு முப்பது வருஷமானாலும் தெரியாது. இந்த வகைக் கதை வாசகரை வாசலைத் தாண்டி உள்ளே கூட்டிப்போகிறது. காதல் அதற்கான சாவி.

திருவிழா தருகிற அனுமதி இன்னொரு காரணம். மற்ற நாளில் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்றாலே "யாரு அது?" என்று குரல் கொடுக்கிற வீடு, சந்தனக்கூடு அன்று விடியவிடிய மகள் மாடியில் நின்றாலும் ஒன்றும் சொல்லாது. தேரன்று ஊர் முழுக்கத் தெருவில்தான். அந்த அனுமதிக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. கொடி இறங்கினால் தீர்ந்தது. கதைக்கு வேகம் தருவது அதுதான். இந்த இரண்டும் இல்லாமல் பட்டாசும் ரங்கோலியும் எவ்வளவு வர்ணித்தாலும் அது காலண்டர் படமாகத்தான் நிற்கும்.

திருவிழாவைத் தேர்ந்தெடுக்கும்போது பஞ்சாங்கத்தைக் கையில் வையுங்கள்

எல்லோரும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓடுகிறார்கள். டெல்டாவில் அதைவிடக் கதைக்குத் தோதான நாட்கள் கொட்டிக் கிடக்கின்றன.

எனக்குப் பிடித்தது நாகூர் தர்காவின் கந்தூரி. 14 நாள் விழா. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களோடு கொடி ஊர்வலம் வரும். பத்தாம் நாளை ஒட்டி சந்தனக்கூடு, அதுவும் நாகப்பட்டினத்திலிருந்துதான், இரவெல்லாம் நகர்ந்து அதிகாலையில் தர்கா சேரும். வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். மொட்டை போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அங்குள்ள ஐந்து மினாராக்களில் பெரியதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பது ஊரறிந்த செய்தி. ஹிஜ்ரி மாதக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். 2024-ல் டிசம்பரில் வந்தது. 2026-ல் தீபாவளி நவம்பர் 8. கந்தூரிக் கொடியேற்றம், பிறையைப் பொறுத்து, அதற்கடுத்த சில நாட்களில் வரும். இரண்டு பண்டிகையும் ஒரே வாரத்தில் முட்டிக்கொள்கிற இந்த மாதிரி ஆண்டு அடிக்கடி கிடைக்காது. எழுத நினைத்தால் இதுதான் சமயம்.

அந்த மாதத்தில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆங்கிலக் கதைக்காரர்கள் காதலர்களை ஒரே வீட்டில் அடைத்து வைக்கப் பனிப்புயலைத்தான் நம்புகிறார்கள். நமக்கு நாகப்பட்டினத்து நவம்பர் இருக்கிறது. மழை விடுமுறை, நின்றுபோன பேருந்து, முழங்கால் தண்ணீரில் தெரு. ஆனால் புயலை இறக்குவதாக இருந்தால் விளையாட்டாக இறக்காதீர்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அதைப் பார்த்த வாசகருக்குப் புயல் ஒரு காதல் காட்சிக்கான பின்னணி இசை கிடையாது.

காரைக்கால் மாங்கனித் திருவிழா இன்னொன்று. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி, காரைக்கால் அம்மையாருக்காக நடக்கிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே கூட்டம் தாவிப் பிடிக்கும். மேலே இருந்து எறிகிறவள், கீழே பிடிக்கிறவன்! இதற்கு மேல் ஒரு முதல் சந்திப்பை யார் கட்டிக் கொடுப்பார்கள்? காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் வாழ்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அங்கே பள்ளிக்கூடக் கோடை விடுமுறை தொடங்குவதும் ஜூலையில்தான். மாம்பழத்தைப் பிடிக்கத் தெரியாமல் நெற்றியில் வாங்குகிற ஒரு பாரிஸ் பையனை நீங்கள் சிரமப்பட்டுக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

வேளாங்கண்ணிக்குத் தேதி நகராது: ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காவி உடுத்திக் கூட்டங்கூட்டமாக நடந்து வருவார்கள். நடைப்பயணம் காதல் கதைக்கு நல்ல வண்டி. பேசிக்கொண்டே போகலாம், கொப்புளம் வந்தால் உட்காரலாம். ஆடிப்பெருக்கு ஒரே நாள் என்பதால் சிறுகதைக்குத்தான் சரி. ஆனாலும் கலப்புத் திருமணம் செய்துகொண்ட ஜோடியின் முதல் ஆடியை யாராவது எழுதலாம். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீடு அழைத்துப்போவார்கள். அழைக்க வேண்டிய தாய் வீடு பேசாமல் இருக்கிறது. பதினெட்டாம் பெருக்கன்று காதோலை கருகமணியோடு ஆற்றங்கரைக்கு அவளை யார் கூட்டிப்போவது? மாமியாரா? அவர் அந்த வழக்கமே அறியாதவராக இருந்தால்? கல்யாணத்துக்குப் பிறகு வருகிற காதலும் இந்த வகையில் சேர்த்திதான். மகாமகத்தை நம்பி இருப்பவர்கள் 2028 வரை பொறுக்க வேண்டும்.

விடுமுறைக்கு வருகிறவர் யார்?

டெல்டாவில் பாதி வீட்டில் ஒருவர் வெளிநாட்டில். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. மூன்று வாரம் லீவு, திருச்சி விமான நிலையம், திரும்பிப் போகிற டிக்கெட் ஏற்கனவே போட்டாயிற்று. கதைக்கு வேண்டிய கெடு தானாகவே வந்துவிடுகிறது. சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் சாயலில் 1830 வாக்கில் கட்டிய கட்டடம் இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்தே வளர்ந்த ஒரு பெண் முதன்முறையாக அசலைப் பார்க்க வருகிறாள் என்று தொடங்கினால், ஊரைப் புதுக் கண்ணால் காட்ட ஒரு ஆள் கிடைத்துவிடுகிறாள். இருவரில் ஒருவராவது அந்தத் திருவிழாவில் வேலை உள்ள உள்ளூர்க்காரராக இருக்கட்டும். இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்றால் அது சுற்றுலாக் குறிப்பு.

இரண்டு வீட்டையும் தனித்தனியாக எழுதுங்கள், கதைக்கு முன்பே

இதற்கு நோட்டில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். அந்த வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? கடற்கரை ஊர் முஸ்லிம் வீடுகளில் வாப்பா, உம்மா, நானா (அண்ணன்), லாத்தா (அக்கா) என்று கேட்கும். உள்ளே தள்ளிப்போனால் அத்தா, அம்மா, அண்ணன் என்றும் கேட்கும். ஊருக்கு ஊர் மாறுவது, விசாரித்து எழுதுங்கள். கத்தோலிக்க வீட்டில் திருப்பலிக்குப் போவார்கள், லுத்தரன் வீட்டில் ஆராதனைக்கு. கும்பகோணத்துப் பட்டுநூல்காரர் வீட்டில் வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, கடையில் தமிழ். தஞ்சாவூர் மராட்டியர் வீட்டில் பாட்டி மராத்தியில் திட்டுவாள்.

ஒரு மதம் ஒரே குரலில் பேசும் என்று நினைத்து எழுதுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற குறை. கந்தூரியே கூடாது என்று சொல்கிற முஸ்லிம்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். தகப்பனார் வருஷம் தவறாமல் கொடியேற்றத்துக்குப் போகிறவர், மகன் தவ்ஹீத் பக்கம் சாய்ந்து வீட்டில் முகம் கொடுக்காமல் இருக்கிறான் என்றால், கதாநாயகி அந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அங்கே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டிய ஊர், லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கிய ஊர், லுத்தரன் சபைக்கு அங்கே முந்நூறு வருஷத்துக்கு மேல் வேர். அந்தச் சபை வீட்டுப் பாட்டி, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிற கத்தோலிக்க மருமகளை இந்து மருமகளைவிட வினோதமாகப் பார்க்கக்கூடும். இந்த மாதிரி உள் வேறுபாடுகள் ஒன்றிரண்டு இருந்தாலே கதையில் ஆட்கள் ஆட்களாக நடமாட ஆரம்பிப்பார்கள்.

சந்திப்பு வேலைக்கு நடுவில் நடக்கட்டும்

கூட்டத்தில் தோள் இடிப்பது, துப்பட்டா பறந்து முகத்தில் விழுவது எல்லாம் போதும். திருவிழா என்பது ஒரு பெரிய வேலை. யார் பந்தல் போடுகிறார், யார் இரவெல்லாம் பலகாரம் சுடுகிறார், யார் குப்பை அள்ளுகிறார் என்று பாருங்கள். உயரமான தேரோ ரதமோ வருகிற தெருவில் மின்வாரியத்து ஆட்கள் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தூக்கிப் பிடித்து வழிவிடுவார்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேர் நகர்கிற வீதியில் அது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள். நாகூரில் ஒரு தெருவில் அதை வைத்து ஒரு காட்சி போட்டுப் பார்ப்போம் (இதில் வருகிற வாடா, இறால் வைத்துச் சுடுகிற அந்த ஊர்ப் பலகாரம்):

கூடு முனை திரும்பியதும் தெரு இருண்டது. செல்வம் ஏணியில் நின்று மூங்கில் கவையால் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தான். கீழே ஒரு வாசல் திறந்தது.

"கரன்ட்டு எப்பங்க வரும்?"

"கூடு தாண்டணும். கால் மணி ஆகும்."

"அடுப்புல எண்ணெ காயுது. எறாலு எங்க வச்சேன்னே தெரியல. வாடாவுல வெறும் மாவுதான் இருக்கும் இன்னிக்கு."

அவன் ஒரு கையால் இடுப்பிலிருந்த டார்ச்சை உருவி நீட்டினான். "இந்தாங்க. மறக்காமக் குடுத்துருங்க, ஆபீஸ் டார்ச்சு."

கூடு தாண்டி, விளக்கு வந்து, அவன் இறங்கியபோது டார்ச் ஏணிக் காலடியில் இருந்தது. பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு வாடா. தாள் முழுக்க எண்ணெய். டார்ச்சிலும்.

இதில் யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் கையில் வேலை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு டார்ச்சோடு அவன் மறுநாள் ஆபீசில் என்ன பதில் சொல்வான் என்று ஒரு நூல் தொங்குகிறது. செய்தித்தாள் பொட்டலம் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. அவன் உள்ளே போகிற நாள் எப்போது என்பது மிச்சக் கதை. ஒரு சின்ன எச்சரிக்கை: நம் ஊரில் முகம் தெரியாத ஆணைப் பெண்கள் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வரியிலேயே அது விழுந்துவிட்டால் மீள்வது கஷ்டம். மேலே நான் செய்தது போல "ங்க" போட்டு நழுவிவிடுங்கள், அல்லது அண்ணே என்றே கூப்பிட வைத்துப் பிற்பாடு அதை வைத்தே கிண்டல் பண்ணுங்கள்.

ஊடல், அப்புறம் தெரு

மருத நிலத்துக்கு உரிய ஒழுக்கமே ஊடல் என்று நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். வயலும் வாய்க்காலுமான இந்த ஊரில் வில்லன் தேவையில்லை. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா முடிகிற சமயம், புகார்க் கடற்கரையில், கோவலன் பாடிய பாட்டும் மாதவி எதிர்ப்பாட்டாகப் பாடியதும் தானே அவர்களைப் பிரித்தன? ஒருவர் மனசில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்கிற ஐயம். அவ்வளவுதான். உங்கள் கதையிலும் பிணக்கு திருவிழாவுக்குள்ளிருந்தே வரட்டும். கார்த்திகை மாலை போட்டிருக்கிற வீட்டுக்கு அவள் ஆசையாகக் கொண்டுவந்த பிரியாணி. குடும்பப் படம் எடுக்கும்போது அவனை மட்டும் கேமராவைப் பிடிக்கச் சொல்கிற அத்தை. இப்படிச் சின்னதாக.

பெரிய தடை எது என்பதில் மட்டும் பூசி மெழுகாதீர்கள். மேரி, கார்த்திக் என்று பெயர் வைத்து, மதம்தான் வேறு, மனம் ஒன்று என்று முடித்துவிடுவது சுலபம். அந்த மேரி எந்தத் தெரு? டெல்டாவில் அடுத்த கேள்வி அதுதான். வந்த பலகாரத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கி, கொல்லைப்புறமாக வேலைக்காரியிடம் கொடுத்துவிடுகிற வீடுகள் இருக்கின்றன. தேவாலயத்துக்குள்ளும் சாதி உண்டு. கிறிஸ்துமஸ் கதையை நாகப்பட்டினம் உள்பகுதியில் வைக்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவில்தான் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்; கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் செங்கொடியோடு வண்டிகள் அஞ்சலி செலுத்தப் போகும். வாசலில் நட்சத்திர விளக்குத் தொங்குகிற அதே சாலையில் அந்த வண்டிகளும் போகும். காதல் கதைக்கு இது வேண்டாமே என்பவர்கள் வேறு ஊரில் களம் வைக்கலாம். வைத்துக்கொண்டு தெரியாத மாதிரி எழுதுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

வீட்டில் விஷயம் உடைகிற இடத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கும் பழைய வழி உண்டு: அறத்தொடு நிற்றல். தோழியோ செவிலியோ பெண்ணின் காதலைப் பெற்றவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வது. இன்றைய கதையில் அது லாத்தாவாக இருக்கலாம், மருமகளைவிட வயதில் சின்ன நாத்தனாராக இருக்கலாம். செல்போனில் மெசேஜ் பார்த்து மாட்டிக்கொள்வதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

முடிவில் சட்டம் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கொடி இறங்குவதற்குள் பதிவுத் திருமணம் என்று முடிக்கிறார்கள். நடக்காது. இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்து மணந்துகொள்ள 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் பெரும்பாலும் வழி. அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு, அந்த நோட்டீஸ் அலுவலகத்தில் பார்வைக்கு ஒட்டப்படும், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். மூன்று வார லீவில் வந்தவர் என்ன செய்வார்? தேவாலயக் கல்யாணம் என்றாலும் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். ஆகவே நிச்சயத்தோடு நிறுத்துங்கள், அல்லது ஒரு வருஷம் தள்ளி அதே திருவிழாவுக்கு வாருங்கள். யோசித்துப் பார்த்தால் ஒட்டப்பட்ட அந்த நோட்டீஸே ஒரு நல்ல அத்தியாயம். யார் கண்ணில் படும் என்று இரண்டு வீடும் தவிக்கும்.

கடைசி அத்தியாயத்தில் ஒருவரை மதம் மாற வைத்துச் சிக்கலைத் தீர்ப்பது எனக்குப் பிடிக்காது. அந்த ஆள் முதலிலிருந்தே அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தால் சரி. இல்லையென்றால் இருநூறு பக்கம் இரண்டு வீட்டைக் காட்டிவிட்டு ஒரு வீட்டைப் பூட்டிவிட்ட மாதிரி.

வெளியிடும் முன்

எந்த வீட்டை எழுதினீர்களோ அந்த வீட்டு ஆள் ஒருவர் படிக்க வேண்டும். "தப்பு இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்பார்கள். "எங்க சிரிப்பு வந்துச்சு?" என்று கேளுங்கள், பிழையெல்லாம் வந்துவிடும்.

அச்சு மலருக்கு அனுப்புவதானால் பண்டிகைக்குப் பல மாதம் முன்னே கையெழுத்துப் பிரதி தயாராக இருக்க வேண்டும். கிண்டிலில் நாமே ஏற்றலாம். பிரதிலிபி போன்ற செயலியில் தொடராகப் போடுகிறவர்கள் பின்னாலிருந்து எண்ண வேண்டும். கடைசி அத்தியாயம் எந்த நாளில் விழ வேண்டும் என்று முடிவு செய்து, வாரத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டு முதல் அத்தியாயத்தின் தேதியைக் குறியுங்கள். கந்தூரிக் கதையானால் பிறை ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால் ஒரு அத்தியாயத்தைக் கையிருப்பில் வையுங்கள். அட்டைக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற வடநாட்டு மணப்பெண் படத்தைப் போட்டுத் தொலைக்காதீர்கள். உங்கள் ஊர்த் தெருவை மழை நாளில் செல்போனில் எடுத்தாலே அதைவிட நன்றாக இருக்கும்.